துவர்க்கும் இடத்தில்தான் இருக்கிறது: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் மாதுளை பற்றி எழுதும்போது, "முத்தை உதிர்த்துக்கொண்டு ஓட்டைக் குப்பையில் போடுகிறோம், ஆனால் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம் இருப்பது அந்த ஓட்டில்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. உணவுப் பதப்படுத்தும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான், கழிவாகப் போகிற தோலையும் கொட்டையையும் பார்த்து மனம் பொறுக்காமல் அலைந்தவன் என்றும் சொல்லலாம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

தோலிலும் ஓட்டிலும் ஏன் அதிகம்? அப்படியானால் நாம் சாப்பிடுகிற சதையில் ஒன்றும் இல்லையா?
வாசகி, மதுரை

சதையிலும் இருக்கிறது. ஆனால் செடியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். வெயில் முதலில் படுவது தோலில், பூச்சி துளைப்பது தோலை, பூஞ்சை ஏறுவதும் தோலில். கொட்டைக்குள் இருப்பதோ அதன் வாரிசு. காவலுக்கு வேண்டிய சரக்கையெல்லாம் செடி இந்த இரண்டு இடத்தில்தான் குவித்து வைக்கிறது. பாலிஃபீனால் என்று மொத்தமாகச் சொல்லப்படும் பொருள்கள் அவை. ஆக்சிஜன் ஒரு பொருளைத் தாக்கிக் கெடுப்பதற்கு முன்னால் இவை முந்திக்கொண்டு அந்த அடியைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும். ஆன்டிஆக்சிடன்டின் வேலை அவ்வளவுதான்.

எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், நாக்கு போதும். மாங்கொட்டைப் பருப்பு, மாதுளை ஓடு, புளியங்கொட்டையின் சிவப்புத் தோல், நாவல் கொட்டை, வேர்க்கடலையின் மேல்தோல், வாழைப்பூ, எல்லாமே துவர்க்கும். டானின் வகைப் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுகின்றன, நாக்கு வறண்டு இழுக்கிற மாதிரி இருப்பது அதனால்தான். துவர்க்காத ஆன்டிஆக்சிடன்டும் உண்டு, தக்காளித் தோலில் இருக்கிற லைக்கோபீன் மாதிரி, ஆனால் ஒரு குத்துமதிப்புக்கு நாக்கை நம்பலாம்.

வாழைப்பூ நறுக்கும்போது கை கறுத்துப் போகிறது, நறுக்கியதை உடனே மோரில் போடுகிறோம் இல்லையா? கறுப்பது என்பது, வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு என்சைம் பாலிஃபீனாலைக் காற்றோடு சேர்த்துத் தீர்த்துக்கட்டுகிற வேலை. மோரின் புளிப்பு அந்த என்சைமை அடக்கி வைக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற பதில்களில் பாதி இந்த மோர்ப் பாத்திரத்துக்குள்தான் இருக்கிறது.

எங்கள் ஊரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள். சீசனில் தோலும் கொட்டையும் டிராக்டர் டிராக்டராக வெளியே வந்து கொட்டப்படுகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. இதிலிருந்து விலையுயர்ந்த பொருள் எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால் ஏன் யாரும் எடுப்பதில்லை?
வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

உண்மைதான். உங்கள் பக்கம் கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா என்கிற தோத்தாபுரி. எந்த ரகமானாலும் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தோலாகவும் கொட்டையாகவும் வெளியே போகிறது. தோலில் மாங்கிஃபெரின் என்ற பாலிஃபீனால் இருக்கிறது, கொட்டைக்குள் உள்ள பருப்பில் காலிக் அமிலமும் அதன் டானின்களும் இருக்கின்றன. பருப்பில் நூற்றுக்கு 10 பங்கு அளவில் கொழுப்பும் உண்டு. அது கோகோ வெண்ணெய்க்கு எவ்வளவு நெருக்கம் என்றால், ஐரோப்பாவில் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அனுமதித்திருக்கிற ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. நாம் ரோட்டோரம் கொட்டுகிற பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எடுக்கிற முறை ரகசியம் ஒன்றும் இல்லை. தோலைக் கழுவி, பிழிந்து, 50 முதல் 60 டிகிரி சூட்டில் ஈரம் நூற்றுக்கு 10-க்குக் கீழே வரும் வரை காய வைத்து, தூளாக்கி, பாதிக்குப் பாதியோ அதற்குக் கொஞ்சம் கூடவோ எத்தனால் கலந்த தண்ணீரில் இளஞ்சூட்டில் ஊற வைக்க வேண்டும். சாறு இறங்கிவிடும். வடிகட்டி, வெற்றிடத்தில் எத்தனாலை ஆவியாக்கித் திரும்பப் பிடித்துக்கொண்டால் (அடுத்த தடவைக்கு அதுவே ஆகும்) பழுப்பு நிறத்தில் ஒரு கெட்டிச் சாறு மிஞ்சும். மாந்தோலில் ஒரு தொந்தரவு, அதில் பெக்டின் ஏராளம், வெறும் தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று கூழாகி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எத்தனாலில் பெக்டின் கரையாது. அதனால் முதலில் எத்தனால் கலவையில் பாலிஃபீனாலை எடுத்துவிட்டு, மிச்சமான சக்கையில் சுடுதண்ணீரும் அமிலமும் விட்டுப் பெக்டினை எடுத்து, அதற்கும் மிஞ்சியதைச் சாண எரிவாயுக் கலனில் போடலாம். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும்.

சரி, ஏன் எடுப்பதில்லை? சில வருடங்களுக்கு முன் ஒரு மாங்கூழ் ஆலையின் பின்பக்கம் ஒரு முழுப் பகல் நின்று பார்த்தேன். காலை 7 மணிக்கு வெளியே வந்து விழுந்த தோல் மஞ்சளும் பச்சையுமாக, பழ வாசனையோடு, கையில் எடுத்தால் விறைப்பாக இருந்தது. 10 மணிக்கு வெட்டுப்பட்ட ஓரங்கள் பழுப்பாகிவிட்டன. மத்தியானம் குவியலுக்குள் கையை விட்டால் சூடு, உள்ளே புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 3 மணிக்கு வினிகர் நெடி, கொசு போலப் பழ ஈக்கள். சாயங்காலம் டிராக்டர் வந்து அள்ளும்போது அது கறுத்து நீர்விட்டுக் கிடந்தது. காலையில் அதிலிருந்து எடுத்திருக்கக்கூடிய பாலிஃபீனாலில் பெரும்பகுதி சாயங்காலம் அதில் இல்லை, வாழைப்பூவை மோரில் போடாமல் விட்ட கதைதான். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது, அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தோல் ஆலையிலிருந்து கழிவாக வெளியே வருவதில்லை, வெளியே வந்து சில மணி நேரத்தில் நாம்தான் அதைக் கழிவாக்குகிறோம்.

அந்தச் சில மணி நேரத்துக்குள் காய வைக்க வேண்டும், அதுதான் செலவு. பச்சைத் தோலில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு டன் தோலைக் காய வைத்தால் கால் டன் கிடைப்பதே பெரிது, மற்றதெல்லாம் விறகும் கரண்டும் போட்டு விரட்ட வேண்டிய நீர். வெயிலில் காய வைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், செய்தும் பார்த்தேன். தார்ப்பாய் விரித்து 200 கிலோ தோலைப் பரப்பினோம், இரண்டாம் நாள் ராத்திரி கோடை மழை அடித்து, காலையில் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை, அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தோம். மாம்பழ சீசனும் உங்கள் பக்கத்துக் கோடை மழையும் சேர்ந்துதான் வரும். கூழ் ஆலையில் ஏற்கெனவே பாய்லர் இருக்கிறது, கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தால் மிஞ்சுகிற கெட்டி ஓடு நன்றாக எரியும். அந்தச் சூட்டிலேயே ஆலைக்குள்ளேயே ஒரு உலர்த்தி ஓடினால் கணக்கு நேராகும் என்பது என் தீர்மானமான கருத்து. எல்லோரும் சாறு எடுக்கிற மெஷினைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த மெஷினை மாவட்டத்துக்கு ஒன்று வைத்தால் போதும், காய்ந்த தூள் மாதக் கணக்கில் காத்திருக்கும். உலர்த்திதான் ஆலைக்கு ஒன்று வேண்டும்.

அப்படியானால் வீட்டில் மாம்பழத்தைத் தோலோடு சாப்பிட்டால் நல்லதா?
வாசகி, சேலம்

ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம், நன்றாகக் கழுவிவிட்டு. ஆனால் மாம்பால் பட்டால் சிலருக்கு உதட்டோரம் வெந்து கொப்பளிக்கும். முந்திரி ஓட்டு எண்ணெய் சுடுவதும் இதே குடும்பத்துப் பொருளால்தான், மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். உங்களுக்கு அந்த அனுபவம் இருந்தால் தோல் வேண்டாம்.

நாங்கள் மல்லாட்டை (வேர்க்கடலை) உடைத்து வறுத்துத் தோல் நீக்கி மிட்டாய்க் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மூட்டை மூட்டையாகச் சிவப்புத் தோல் சேர்கிறது. காற்றில் பறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். மாட்டுக்கு வைத்தால் அதிகம் தின்ன மாட்டேன் என்கிறது. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா ஐயா?
வாசகர், திண்டிவனம்

உங்கள் கேள்விதான் இந்தப் பையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இந்தத் துறையின் கதையே மல்லாட்டைத் தோலில்தான் தொடங்குகிறது என்று சொல்வேன்.

ஒரு காலத்தில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் ஏறி பிரான்சுக்குப் போனது, அங்கே மார்சேயில் எண்ணெய் ஆட்டினார்கள். எண்ணெய் எடுத்த பிறகு புண்ணாக்கு மிஞ்சும், அதில் சிவப்புத் தோலும் கலந்திருக்கும். அந்தத் தோல் தின்னத் தகுந்ததா, விஷமா என்று பார்க்கிற வேலை 1947-ல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ழாக் மஸ்கெலியே என்ற இளம் ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தது. அவர் தேடியது விஷத்தை, கிடைத்தது வேறு. தோலிலிருந்து நிறமில்லாத ஒரு பொருளைப் பிரித்தார், அது நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைப் பலப்படுத்துவதைக் கண்டார். ஓ.பி.சி. என்று இன்றைக்குச் சொல்லப்படும் புரோஆந்தோசயனிடின் என்ற பாலிஃபீனால் வகை அது. பிற்பாடு அதையே பைன் மரப்பட்டையிலிருந்தும், ஒயின் ஆலைகளில் மலையாகக் குவியும் திராட்சைக் கொட்டையிலிருந்தும் எடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கத் திராட்சைக் கொட்டைச் சாறு என்று மாத்திரையாக விற்கிறதே, அந்தப் பரம்பரைக்கு மூத்தது உங்கள் முற்றத்தில் பறக்கிற தோல்தான்.

மாடு அதிகம் தின்னாததற்கும் அதுதான் காரணம். டானின் கூடிப்போனால் துவர்க்கும், தீவனத்தில் இருக்கும் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும், மாட்டுக்குச் சேராது. கொஞ்சமாகக் கலந்து வைக்கலாம், குவித்து வைக்கக் கூடாது.

உங்களுக்குள்ள பெரிய வசதி, வறுத்த தோல் ஏற்கெனவே காய்ந்திருக்கிறது. மாங்கூழ் ஆலைக்காரருக்கு இருக்கிற தலைவலி உங்களுக்குக் கிடையாது. ஆனால் ஒரு இடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்: பூஞ்சை பிடித்த, சுருங்கிக் கறுத்த கொட்டையை வறுப்பதற்கு முன்னாலேயே பொறுக்கித் தள்ளிவிடுங்கள். மல்லாட்டையில் வருகிற அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் விஷம், வறுத்தாலும் முழுதாகப் போகாது, தோலில் ஒட்டியிருந்தால் சாறு எடுக்கும்போது அதுவும் கூடவே வரலாம். பொறுக்கிய சுத்தமான தோலைச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வையுங்கள். விற்கப் போகும்போது அஃப்ளடாக்சின் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள், மூலிகைச் சாறு எடுக்கிற நிறுவனங்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு ஆள் சேர்க்கிற தோல் அவர்களுக்குப் பத்தாது, உங்கள் பக்கத்தில் தோல் நீக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு லோடாகக் கொடுத்தால்தான் பேரம் பேச முடியும்.

தவிட்டு எண்ணெய் பாட்டிலில் "ஒரைசனால்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதுவும் இந்த வகைதானா? ரைஸ் மில் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது, தவிட்டை மாட்டுக்குத்தான் போட்டோம்.
வாசகர், மன்னார்குடி

அதேதான். நம் நாட்டில் பெரிய அளவில், உண்மையாகவே ஜெயித்த உதாரணம் என்று நான் காட்டுவது தவிட்டு எண்ணெயைத்தான். நெல்லில் உமிக்கும் அரிசிக்கும் நடுவே இருக்கிற அந்தப் பழுப்புத் தோலில்தான் எண்ணெயும், அதைக் காக்கிற ஒரைசனாலும், வைட்டமின் ஈ வகைகளும் இருக்கின்றன. ஒரைசனாலை முதலில் பிரித்தெடுத்தது ஜப்பானில், 1950-களில்.

தவிட்டிலும் வில்லன் நேரம்தான். நெல்லுக்குள் எண்ணெயும், அதை உடைக்கிற லைபேஸ் என்சைமும் தனித்தனி அறையில் இருக்கின்றன. தீட்டுகிறபோது சுவர் இடிந்து இரண்டும் கலந்துவிடும், அந்த நிமிடத்திலிருந்து எண்ணெய் கெட ஆரம்பிக்கும். பச்சரிசித் தவிட்டில் ஒரு நாளைக்கு 5 முதல் 7 சதவீதம் வரை எண்ணெய் அமிலமாக மாறுகிறது, அதனால்தான் நாலு நாள் ஆன தவிட்டில் அந்தச் சிக்கு வாடை. புழுங்கல் அரிசித் தவிடு அவ்வளவு சீக்கிரம் கெடாது, உங்கள் வீட்டில் கவனித்திருப்பீர்கள். நெல்லை அவித்தபோதே என்சைம் செத்துப்போயிருக்கும். எண்ணெயும் புழுங்கல் தவிட்டில்தான் கூடுதல். டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்தவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை என்றே நினைக்கிறேன். பச்சரிசித் தவிட்டுக்கு மில்லிலேயே சூடு காட்டி என்சைமை அடக்குகிற மெஷின் தேவைப்படுகிறது.

பாட்டில் வாங்கும்போது ஒன்று பாருங்கள். சுத்திகரிக்கிற முறையில் காரம் (ஆல்கலி) சேர்த்தால் ஒரைசனாலில் பெரும்பகுதி சோப்புக் கழிவோடு போய்விடும். நீராவியும் வெற்றிடமும் வைத்துச் சுத்திகரிக்கிற முறையில் நிறைய தங்கும். அளவை எண்ணாகப் போட்டிருக்கிற பாட்டிலை எடுங்கள், பெயர் மட்டும் போட்டிருந்தால் யோசியுங்கள்.

வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் போய்விடும் என்று ஒரு வீடியோ. என் மாமியார் தினமும் குடிக்கிறார். சரியா?
வாசகி, திருப்பூர்

சருகில் குவர்செடின் என்ற பாலிஃபீனால் நிறைய இருப்பது உண்மை, அந்தச் செம்பழுப்பு நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் சர்க்கரை போய்விடும் என்பது உண்மை இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கிறார் என்றால் இன்றைக்கே பேசுங்கள், மாமியாரிடம் பேசுவது சங்கடம் என்றால் டாக்டரிடம் அழைத்துப்போய் அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

அப்புறம், வெங்காயச் சருகைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் நரம்புகளின் மேல் கரித்தூள் மாதிரி கறுப்பாக அப்பியிருக்கும், விரலில் ஒட்டும். அது மண் இல்லை, பூஞ்சை. தெளித்த மருந்தும் மேல்தோலில்தான் தங்குகிறது. கொதிக்க வைத்தால் பூஞ்சை சாகும், மருந்து போய்விடும் என்று சொல்ல முடியாது. குவர்செடின் வேண்டுமென்றால் சுலபமான வழி இருக்கிறது: சருகை உரித்த பிறகு அதற்கடுத்த இரண்டு சதைப் படலத்தையும் சேர்த்து உரித்துப் போடுகிறோமே, அதை நிறுத்துங்கள். வெங்காயச் சதையில் அதிகம் இருப்பது அந்த வெளிப்படலங்களில்தான். சின்ன வெங்காயத்தை ஊற வைத்து உரித்தால் சருகு மட்டும் தனியாக வந்துவிடும்.

சார், நான் எம்.எஸ்ஸி. மாணவன். மாதுளை ஓட்டுச் சாறு வைத்து, ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனை செய்தேன், 92 சதவீதம் வந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று முடிவுரையில் எழுதலாமா?
மாணவர், திருச்சி

எழுதாதே தம்பி. நீ பார்த்தது அழகான ஒன்று, நானும் முதல் தடவை பார்த்தபோது சத்தம் போட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டேன்: கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிற கரைசலில் ஒரு சொட்டுச் சாறு விழுந்ததும் நிறம் வெளுத்து வைக்கோல் மஞ்சளாகிவிடும். உன் சாறு அந்த ரசாயனத்தை அடக்கியது என்பதற்கு அது சாட்சி. உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மாதுளை ஓட்டில் முக்கியமான பூனிகலாஜின் பெரிய மூலக்கூறு, குடலில் அப்படியே உறிஞ்சப்படுவதில்லை, உடைந்து எலாஜிக் அமிலமாகி, அதையும் குடல் பாக்டீரியா மாற்றி யூரோலித்தின் என்று ஆக்குகிறது, அதுவும் எல்லாருடைய குடலிலும் நடப்பதில்லை. சோதனைக் குழாயில் நீ பார்த்த பொருள் ரத்தத்தில் போய்ச் சேர்கிற பொருளே இல்லை.

அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில், ஆன்டிஆக்சிடன்ட் திறனைக் காட்டும் ஓராக் என்ற அளவில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தது. உணவு நிறுவனங்கள் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு விளம்பரம் செய்தன. அந்த எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 2012-ல் பட்டியலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் முடிவுரைக்கு நான் ஒரு சோதனை சொல்கிறேன்: அதே சாற்றைக் கடலை எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ கலந்து 60 டிகிரியில் ஆய்வுக்கூட வெப்பப் பெட்டியில் வைத்து, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பை இரண்டு வாரம் அளந்து பார். சாறு எண்ணெயில் சுலபமாகக் கரையாது, அதை எப்படிக் கலப்பது என்று யோசிப்பதே நல்ல ஆராய்ச்சி. எண்ணெய் எத்தனை நாள் தாங்குகிறது என்று காட்டினால் அது ஒரு முறுக்குக் கம்பெனிக்கு நாளைக்கே உதவும்.

கழிவிலிருந்து எடுத்தாலும் காசு கொடுத்து வாங்குகிற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை நல்லதுதானே? வயது 61, முன்பு புகைபிடித்தவன்.
வாசகர், சென்னை

உங்கள் கடிதத்தின் கடைசி வார்த்தை இல்லாவிட்டால் இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்காதீர்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 1994-ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பி பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள், எடுத்தவர்களுக்கு 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் புகைபிடிக்கிறவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்கள் என்று சேர்த்து நடந்த இன்னொரு ஆய்விலும் இப்படியே ஆகி, 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். கேரட் சாப்பிடுவது வேறு, அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து அளவு கூட்டி விழுங்குவது வேறு. கிரீன் டீ நல்லது என்கிறோம், ஆனால் அதன் சாற்றை மாத்திரையாக்கி ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ அதன் முக்கியப் பாலிஃபீனாலான கேட்டகின் உள்ளே போனால் கல்லீரலில் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது.

ரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. துவர்ப்பான எந்தக் கஷாயமும், மாதுளை ஓடானாலும் கட்டி டீயானாலும், சாப்பாட்டோடு சேர்ந்தால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கழிவிலிருந்து எடுக்கிற ஆன்டிஆக்சிடன்டுக்கு முதல் வேலை மனிதனுக்குள் இல்லை, உணவுக்குள் என்பது என் எண்ணம். எண்ணெயும் வறுவலும் சிக்கு பிடிக்காமல் இருக்க இன்றைக்கு பி.எச்.ஏ., டி.பி.எச்.க்யூ. என்று செயற்கைப் பொருள்களைச் சேர்க்கிறார்கள், பாக்கெட்டின் பின்னால் 320, 319 என்று எண் மட்டும் இருக்கும். அந்த இடத்தைக் கடலைத் தோலும் மாங்கொட்டையும் பிடிக்க முடியும். நமக்கு இது புதிதும் இல்லை, ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றுவது ருசிக்கு மட்டுமா? எள்ளில் இருக்கிற செசமோலினும், அது சூட்டில் மாறி வருகிற செசமாலும் அந்த எண்ணெயைத் தானே காத்துக்கொள்ள வைக்கின்றன. செக்குப் புண்ணாக்கிலும் இந்த வகைப் பொருள்கள் மிச்சம் இருக்கின்றன.

வெளிநாட்டில் உண்மையாகவே இதைச் செய்கிறார்களா, இல்லை ஆய்வுக் கட்டுரையோடு சரியா?
வாசகர், யாழ்ப்பாணம்

செய்கிறார்கள், சிலது ரொம்பப் பழசு. இத்தாலியில் ஒயின் பிழிந்த திராட்சைத் தோலிலிருந்து எனோசியானினா என்ற சிவப்புச் சாயத்தை 1879 முதல் விற்கிறார்கள், ஆந்தோசயனின் என்ற பாலிஃபீனால்தான் அந்தச் சாயம். ஆலிவில் இன்னும் வேடிக்கை: காயில் இருக்கிற பாலிஃபீனாலில் நூற்றுக்கு 2 பங்கு அளவுதான் எண்ணெயில் வருகிறது, மற்றதெல்லாம் சக்கையிலும் கழிவுநீரிலும். அந்த நீரை வயலில் விட்டால் பயிரே கருகும், அவ்வளவு கடுமை. இப்போது அதிலிருந்து ஹைட்ராக்சிடைரசால் என்ற பாலிஃபீனாலை எடுக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயின் பாலிஃபீனால் ரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஐரோப்பிய ஆணையம் 2012-ல் ஒப்புதல் கொடுத்தது, அதற்கு நாளொன்றுக்கு இந்தப் பொருளும் அதன் வழிப்பொருள்களும் 5 மில்லிகிராம் வேண்டும் என்று அளவும் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டும் ஓடுவதற்குக் காரணம் சரக்கு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மலையாகச் சேர்வது. நம் பக்கம் அப்படிச் சேர்வது தவிடு, மாங்கொட்டை, அப்புறம் இறால் தலை. இறாலின் செந்நிறம் அஸ்டாக்சாந்தின் என்ற ஆன்டிஆக்சிடன்ட், பதப்படுத்துகிற இடங்களில் தலையும் ஓடும் டன் கணக்கில் கழிகிறது, அதற்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.

எங்கள் சுய உதவிக் குழுவில் 12 பேர். ஜூஸ் கடைகளிலிருந்து மாதுளை ஓடு இலவசமாகக் கிடைக்கும். என்ன செய்யலாம்? சாறு எடுக்கும் மெஷின் வாங்க லோன் கிடைக்கும் என்கிறார்கள்.
வாசகி, தேனி

அக்கா, அந்த லோனை வாங்காதீர்கள். எத்தனால் வைத்துச் சாறு எடுக்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும், தீ பிடிக்காத கட்டடம் வேண்டும், சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். 12 பேருக்கு அது பெரிய பாரம். காய்ந்த தூளோடு நின்றுகொள்ளுங்கள், அதற்கே ஆள் இருக்கிறது. மாதுளை ஓடு துணிக்கு இயற்கைச் சாயம் போடுகிறவர்களுக்கு வேண்டும், மூலிகைக் கடைக்காரர்களுக்கும் வேண்டும்.

ஜூஸ் கடைக்காரரிடம் ஒரு மூடி போட்ட டப்பா கொடுங்கள், காகிதமும் ஸ்ட்ராவும் ஓட்டோடு கலக்காமல் இருக்க. அன்றன்றைக்கே மத்தியானமும் ராத்திரியும் இரண்டு தடவை எடுத்து வாருங்கள், மறுநாள் எடுக்கலாம் என்று விட்டால் புளித்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் முத்துகளையும் மஞ்சள் சவ்வையும் நீக்கி, இரண்டு தண்ணீரில் கழுவி, விரல் அகலத்துக்கு நறுக்கி, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் இரண்டு நிமிடம் காட்டுங்கள், என்சைம் அடங்கும். பிறகு சூரிய உலர்த்தி, அது இல்லையென்றால் தட்டு உலர்த்தி. வெறும் வெயிலில் தூசியும் ஈயும் உட்கார்ந்தால் சாயக்காரர்கூட விலை குறைப்பார். ஒடித்தால் "டப்" என்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தூளாக்கி அன்றைக்கே காற்றுப் புகாத பையில் அடைத்துத் தேதி எழுதுங்கள். உண்ணும் பொருளாக விற்பதென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம், நோயைக் குணமாக்கும் என்று லேபிளில் ஒரு வார்த்தைகூடப் போடக் கூடாது. தஞ்சாவூரில் இருக்கிற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சிறு தொழில்முனைவோருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், உங்களில் இரண்டு பேர் போய் உலர்த்திகளை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் மாதம் 50 கிலோ ஓட்டோடு தொடங்குங்கள். பச்சையாக எவ்வளவு எடை, காய்ந்து எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள், விலையை அதை வைத்து உட்கார்ந்து பேசலாம்.